வீரனும் பொம்மையும்: சேகரிப்போர் மதிப்புரைகள் பற்றி வாவிக்கரையிலிருந்து ஒரு நோக்கு

1

விளையாட்டுப் பொருள் விமரிசகரின் கவனத்துக்கு உரியதா என்ற ஐயம் நம்மிடையே இன்றும் உண்டு. நாட்டார் பாடலும் கூத்தும் சடங்கும் ஆய்வுக்குரியனவாக ஏற்றுக்கொள்ளப்படுவதற்கே நம் கல்வியுலகில் நெடுங்காலம் சென்றது. பொம்மைக்கு அவ்விடம் இன்னும் கிட்டவில்லை. ஆனால் நாம் கவனியாது விட்ட இப்பொருளைச் சுற்றி வேறிடங்களில் ஒரு விமரிசனத் துறையே வளர்ந்துவிட்டது. 1960களிலிருந்து 80கள் வரை மேலைநாடுகளில் விற்பனையான அதிமானிட வீரர் பொம்மைகளை, அக்காலத்திற் சிறுவராயிருந்து இன்று நடுவயதையும் முதுமையையும் எட்டியோர் தேடி வாங்கிச் சேகரிக்கின்றனர். சேகரித்தவற்றுக்கு மதிப்புரையும் வழங்குகின்றனர். இந்தியாவிலும் இத்தகையோர் உளர்.

அம்மதிப்புரைகள் எவ்விரசனைக் கோட்பாட்டின் மீது நிற்கின்றன என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. அவ்வினாவை மட்டக்களப்பு வாவிக்கரையில் நின்று எழுப்புவதற்கு நமக்குக் காரணமுண்டு. இக்கரையிற் குழந்தைப் பருவத்துப் பொருள்கள் பல எஞ்சவில்லை. ஆனால் வீரன் என்னும் உருவத்தை ஊரே கூடி ஆக்கும் அரங்கு எஞ்சியிருக்கின்றது. பொருளைக் காப்பாற்றியவர்களின் இரசனையைப் பொருளை இழந்தவர்களின் இடத்திலிருந்து நோக்கும்போது, அவ்விரசனை மறைத்து வைத்திருப்பவை சில வெளிப்படுகின்றன.

2

முதலில் பெயரை நோக்குவோம். 1964இல் அமெரிக்காவின் ஹஸ்ப்ரோ நிறுவனம் ஜீ.ஐ. ஜோ என்னும் படைவீரன் உருவத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தது. அது ஏறத்தாழ ஓரடி உயரமுடையது, உடை மாற்றக்கூடியது, மூட்டுகள் அசையக்கூடியது. எவ்வாறு நோக்கினும் அது பொம்மையே. ஆயின், ஆண்பிள்ளைக்குப் பொம்மை விற்க முடியாது எனக் கருதிய நிறுவனம் அச்சொல்லை விலக்கி ‘அக்ஷன் பிகர்’, அதாவது செயலுருவம், என்ற புதுப்பெயரைச் சூட்டியது. விளையாட்டைப் பால்வழி பிரிக்கும் வழக்கம் நமக்கும் புதிதன்று. சிற்றில், சிறுபறை, சிறுதேர் என ஆண்பாற் பிள்ளைத்தமிழும், கழங்கு, அம்மானை, ஊசல் எனப் பெண்பாற் பிள்ளைத்தமிழும் இறுதிப் பருவங்களை வகுத்துள்ளமை அறிந்ததே. நம் மரபு பருவத்தைப் பிரித்தது. சந்தையோ அப்பிரிவினையையே விற்பனைப் பண்டமாக்கியது. இதுவே வேறுபாடு.

இப்பொம்மையின் பிற்கால வரலாறு அரசியற் பொருளாதார வரலாறாகவே அமைகின்றது. வியற்நாம் யுத்தத்துக்கு எதிரான உணர்வு அமெரிக்காவில் வலுவுற்றபோது படைவீரன் விலைபோகவில்லை. 1970இல் அவன் சாகசப் பயணக் குழுவொன்றின் தலைவனாக வேடம் மாறினான். 1973இன் எண்ணெய் விலையேற்றம் பிளாஸ்டிக்கின் விலையை உயர்த்தியது. பொம்மையின் உருவம் சுருங்கியதில் அதற்குப் பங்குண்டு. அதே விலையேற்றம் இலங்கையில் உணவுத் தட்டுப்பாட்டையும் பாண் வரிசைகளையும் கடுமையாக்கிற்று என்பதை நாம் மறத்தல் இயலாது. 1977இல் ‘ஸ்ரார் வோர்ஸ்’ திரைப்படம் வெளிவந்தபோது, அதன் பொம்மைகளைச் செய்யும் உரிமை பெற்றிருந்த கெனர் நிறுவனத்தால் நத்தார்ப் பண்டிகைக்குள் அவற்றைச் செய்து முடிக்க இயலவில்லை. எனவே பொம்மை பின்னர் வந்து சேரும் என்ற உறுதிச்சீட்டு அடங்கிய அட்டையுறையை அது விற்றது. பண்டம் பிறக்குமுன்பே அதன் மீதான வேட்கை விலைப்பட்டமைக்கு இதனினும் தெளிவான சான்று அரிது. 1982இல் ஜீ.ஐ. ஜோ கையடக்க உருவில் மீண்டு வந்தான். அதே ஆண்டில் மற்றெல் நிறுவனத்தின் ஹீமான் வந்தான். 1983இல் அவனுக்கெனத் தொலைக்காட்சித் தொடரும் வந்தது. சிறுவர் தொலைக்காட்சியில் விளம்பரத்துக்கு இருந்த கட்டுப்பாடுகளை 1984இல் அமெரிக்க அரசு தளர்த்திய பின்னர், கதை எது, விளம்பரம் எது என்ற பாகுபாடே மங்கிற்று.

உறுதிச்சீட்டு விற்பனையான அதே 1977இல்தான் இலங்கையும் இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தித் திறந்த பொருளாதாரத்துட் புகுந்தது. ஆயின் வாவிக்கரைக்கு வந்து சேர்ந்தவன் ஜீ.ஐ. ஜோ அல்லன். மாமாங்கத் திருவிழாக் கடைவரிசையிலும் காத்தான்குடிக் கடைகளிலும் தொங்கியவன் பெயரற்ற பிளாஸ்டிக் வீரன். அவனுக்கு மூட்டில்லை, முகத்து வர்ணம் கண்ணை விட்டு விலகி நிற்கும். தமிழ்ச் சிறுவர்க்கு அதிமானிடன் முதலில் அறிமுகமானதும் பொம்மையாக அன்று, தாளிலேயே. 1972இல் ‘இரும்புக்கை மாயாவி’யுடன் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் ஆகியன அவ்வழி வந்தவை. இந்தியாவில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.ஆர்.எப். நிறுவனம் ஹஸ்ப்ரோவுடன் இணைந்து 1987இல் பன்ஸ்கூல் நிறுவனத்தைத் தொடங்கிய பின்னரே, அங்குள்ள நடுத்தர வர்க்கக் குடும்பங்களை ஜீ.ஐ. ஜோ பரவலாகச் சென்றடைந்தான். இன்றைய ஏக்கத்துக்கும் ஒரு வர்க்க வரலாறு உண்டு. வாங்க முடிந்த பொருளை நினைத்தே ஒருவன் அதனை மீண்டும் வாங்க விழைகின்றான்.

3

எனினும் சேகரிப்போரின் மதிப்புரைகளை எள்ளி ஒதுக்குதல் நேர்மையன்று. அவற்றில் நாம் கற்கத்தக்க ஒழுக்கம் ஒன்றுண்டு. நல்ல மதிப்புரை ஒரு பொம்மையை எடுத்துக்கொண்டால், கழுத்து எத்திசையெல்லாம் திரும்பும், முழங்கை எக்கோணம் வரை மடங்கும், இடுப்பு இறப்பர் வளையத்தால் இணைந்ததா ஆணியால் இணைந்ததா, கண்ணின் வர்ணம் கோட்டுக்குள் நிற்கிறதா, ஆயுதம் கையிற் பொருந்துகிறதா என ஒவ்வொன்றையும் சோதித்தறிகின்றது. எந்நாட்டில், எவ்வாண்டில், எந்த அச்சில் வார்க்கப்பட்டது என ஆராய்கின்றது. பன்ஸ்கூல் வெளியிட்ட உருவங்களுட் பல, அமெரிக்க மூலத்திலிருந்து வர்ணத்தாலும் உறுப்புச் சேர்க்கையாலும் மாறுபட்டவை. ஒருவனின் தலை வேறொருவனின் உடலிற் பொருந்தியிருப்பதும் உண்டு. மேலைநாட்டுச் சேகரிப்போர் இவ்வேறுபாடுகளைப் பெருமதிப்புடன் பட்டியலிடுகின்றனர். ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் குறித்த நம் பதிப்பாசிரியர்களின் உழைப்பை இது நினைவூட்டுகின்றது. பிழையெனத் தள்ளப்படக்கூடிய ஒன்றை வரலாற்றுச் சான்றாகக் காணும் கண் இரு சாராருக்கும் பொதுவானது.

இவ்வொழுக்கத்தை நம் பக்கம் திருப்பிப் பார்த்தால் நாணமே எஞ்சும். பனங்காய் வண்டிலின் அச்சு எம்மரத்துக் கம்பு, மீன்ரின் காருக்கு இறப்பர்ச் செருப்பிலிருந்து சில்லு வெட்டியவர் அதனை எவ்வாறு பொருத்தினர், தென்னங்குரும்பையும் ஈர்க்கும் கொண்டு இழைத்த சிறுதேர் எத்தனை தட்டு உடையது, எழுவான்கரைச் சிறுவர் செய்ததும் படுவான்கரைச் சிறுவர் செய்ததும் எங்ஙனம் வேறுபட்டன என்பவற்றை இத்துணை நுட்பமாக நாம் எழுதிவைத்ததில்லை. 1964இல் வெளிவந்த வீ.சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ இப்பிரதேசத்தின் வாழ்வியலுக்கு அடித்தளமான நூல். அது தொடங்கிவைத்த பணியைச் சிறுவர் கைவினைவரை நாம் விரித்திருக்க வேண்டும், விரித்திலோம். பிளாஸ்டிக் வீரனின் முழங்கை பற்றி எழுதுவோரைப் பழிக்குமுன் இக்குறையை நாம் ஒப்புக்கொள்ளல் தகும்.

4

நாம் மாறுபடுவது அவர்தம் மதிப்பீட்டு அளவுகோலின் உச்சியிலேயே ஆகும். சேகரிப்போர் உலகில் மிக உயர்ந்த மதிப்பைப் பெறுவது உறை பிரிக்கப்படாத பொம்மை. அட்டையின் மூலை மடங்கியிருந்தால் விலை குறையும்; பிரித்து விளையாடியிருந்தால் மேலும் குறையும்; பிள்ளையின் பல் பதிந்திருந்தால் அது பெரும்பாலும் உதிரியுறுப்பாகவே கணிக்கப்படும். இக்கோட்பாட்டின் முடிந்த முடிபு 2024இல் வெளிப்பட்டது. ‘ஸ்ரார் வோர்ஸ்’ வரிசையில் போபா பெற் என்னும் பாத்திரத்துக்கு, முதுகிலிருந்து சிறு ஏவுகணை பாயும் மாதிரி ஒன்று 1979இல் உருவாக்கப்பட்டது. பிள்ளைகளுக்குத் தீங்கு நேரலாம் என்ற அச்சத்தால் அது விற்பனைக்கு வரவேயில்லை. அம்மாதிரிகளுள் ஒன்று 2024இல் அமெரிக்க ஏலமொன்றில் 5,25,000 டொலருக்கு விலைபோயிற்று. எப்பிள்ளையின் கையிலும் சேராத விளையாட்டுப் பொருளே மிக விலையுயர்ந்த விளையாட்டுப் பொருள்களுள் ஒன்றாயிற்று. பயன்மதிப்பு முற்றாக நீங்கி மாற்றுமதிப்பு மாத்திரம் எஞ்சிய நிலைக்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

குறுந்தொகையின் 61ஆம் செய்யுள் இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது. தச்சன் செய்து கொடுத்த சிறு குதிரைவண்டியில் ஏறிச் செல்ல இயலாது எனினும், அதனைக் கையால் இழுத்தே சிறுவர் இன்புறுவதைத் தோழி உவமையாக்குகின்றாள். அவ்வுவமை தலைமகனின் நட்புப் பற்றியது. ஆயினும் விளையாட்டுப் பொருள் பற்றிய ஒரு வரைவிலக்கணத்தையும் அது தன்னுள் அடக்கியிருக்கின்றது. உண்மைத் தேர் தரும் பயனைச் சிறுதேர் தராது. அப்பயன் இன்மையைப் பிள்ளையின் கை ஈடுசெய்கின்றது. கை தொடும்போதே அது தேராகின்றது. உறை பிரியாத பொம்மையைக் கண்ணாடிப் பேழையில் வைத்து நோக்குபவன் ஊர்ந்தும் இன்புறுவதில்லை, இழுத்தும் இன்புறுவதில்லை; உடைமையாலேயே இன்புறுகின்றான். சங்கப் புலவன் அறிந்திராத மூன்றாவது இன்பம் இது.

சேகரிப்பு என்பதே இத்தகையது என்று கூறிவிடவும் இயலாது. தமிழகத்து நவராத்திரிக் கொலுவும் தலைமுறை தலைமுறையாகச் சேகரித்த பொம்மைகளாலானதே. மூக்குடைந்த பழம் பொம்மையும் புதியதன் அருகே படியேறும். ஆண்டுதோறும் அது வெளியே வருகின்றது. அயலார் வந்து காண்கின்றனர். அங்கு பழமை, ஒரு பொருள் பல கைகளினூடே வந்தமைக்கு அடையாளம். சேகரிப்போர் சந்தையிலோ பழமை, அது கைபடாது நின்றமைக்கு அடையாளம்.

கைபடாத பொருளின் மீதான இம்மோகம் உண்மையில் கைபட்ட இடமொன்றை மறைக்கின்றது. பொம்மையின் கண்ணுக்கு வர்ணம் தீட்டியவை ஆசியத் தொழிலாளரின், பெரிதும் இளம் பெண்களின், கைகளே. 1993ஆம் ஆண்டு மே மாதம் தாய்லாந்தில் பாங்கொக்கின் புறத்தேயிருந்த கேடர் பொம்மைத் தொழிற்சாலை தீப்பற்றியபோது 188 தொழிலாளர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் பெண்கள். வர்ணம் கோட்டைத் தாண்டினால் அதனைக் குறையெனக் குறிக்கும் மதிப்புரை, அக்கோட்டை வரைந்த கை எத்தனை மணிநேரம் உழைத்தது என வினவுவதில்லை. உழைப்பைக் காணாத உருவவாதம் என இதனைக் கூறலாம்.

5

இனி வாவிக்கரைக்கு வருவோம். 1978 நவம்பரில் வீசிய சூறாவளி மட்டக்களப்பிற் கூரைகளைப் பிடுங்கியது. 1990இன் வன்செயல்கள் தமிழரையும் முஸ்லிம்களையும் ஊர்விட்டு ஊர் ஓட்டின. 2004 டிசம்பர் 26இன் கடற்கோள் கரையோர வீடுகளை இருந்த இடம் தெரியாது அழித்தது. இடையிடையே நிகழ்ந்த இடப்பெயர்வுகள் பல. ஓடும்போது அடையாள அட்டையை எடுத்தனர், பிறப்புச் சான்றிதழை எடுத்தனர், நகையிருந்தால் அதனையும் எடுத்தனர். பொம்மையை யார் எடுத்தார்? எரியாத வீடு, பெயராத குடும்பம், பூட்டிய அலுமாரி என்னும் மூன்றும் அமைந்தாலன்றிச் சேகரிப்பு அமையாது. பழம் பொம்மைச் சந்தை ‘நினைவு’ என்று விலைகூறுவது உண்மையில் இம்மூன்றின் தொடர்ச்சியையே. இதனைக் கூறுவது ஏக்கத்தைப் பழிப்பதற்கன்று. ஏக்கம் எல்லார்க்கும் உண்டு. அதற்குச் சான்றுப் பொருள் எல்லார்க்கும் இல்லை. சான்றுப் பொருளையே நினைவின் அளவுகோலாகக் கொண்டால், இழந்தோர்க்குக் குழந்தைப் பருவமே இருந்ததில்லை என்றாகிவிடும்.

ஆனால் இருந்தது. அதன் வீரர்கள் வட்டக்களரியில் நின்றனர். வடமோடிக் கூத்தின் அரசன் கரப்புடுப்பும் முடியும் புஜகீர்த்தியும் அணிந்து வரும்போது, மனித உடல் ஏறத்தாழ ஒரு செயலுருவத்தின் வடிவை எய்துகின்றது. உடையின் பாரம் சில அசைவுகளைத் தடுக்கின்றது. சில அசைவுகளைப் பெருப்பிக்கின்றது. கட்டியகாரன் வரவு கூற, பாத்திரம் தன் குலமும் ஆற்றலும் கூறித் தன்னை அறிமுகம் செய்து ஆடுகின்றது. 1980களின் ஜீ.ஐ. ஜோ அட்டையின் பின்புறத்தில் வீரனின் பெயர், பதவி, பிறந்த ஊர், திறமை ஆகியன அச்சிடப்பட்டிருந்தன. லறி ஹாமா என்பார் அவற்றைச் சுவைபட எழுதினார். அவ்வட்டையும் வரவுப்பாட்டும் ஆற்றும் பணி ஒன்றே. பார்ப்பவன் ஒரு முகத்துக்கு ஒரு வரலாற்றை அளித்து, அதனைத் தன் கற்பனைக்குள் ஏற்க இரண்டும் வழிசெய்கின்றன. இதனால், அதிமானிட வீரன் மீது சிறுவர் கொள்ளும் காதல் வெறும் அந்நிய மோகம் என்று சிலர் கூறுவது பொருந்தாது என்பது பெறப்படும். அவ்வேட்கை நம்மிடமும் உள்ளதே.

வேறுபாடு வேறிடத்தில் உள்ளது. கூத்து வீரன் ஒருவருக்கும் உடைமையல்லன். அண்ணாவியார் சட்டம் கொடுத்து, மாதக்கணக்கிற் பழக்கி, சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து, அரங்கேற்றி, பின்னர் வீட்டுக்கு வீடு ஆடிச் செல்லும் நீண்ட கூட்டுழைப்பில் அவன் உருவாகின்றான். விடிந்ததும் முடி கழற்றப்படும். கர்ணனாக நின்றவர் வயலுக்கோ வாவிக்கோ செல்வார். மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்த சி. மௌனகுரு இக்கூத்துகளின் சமூகப் பின்னணியை விரிவாகவே எடுத்துக்காட்டியுள்ளார். இவ்வமைப்பில் சாதி சார்ந்த ஏற்றத்தாழ்வும், மேடையிற் பெண்களுக்கு இடமின்மையும் இருந்தன என்பதையும் உடன் கூறல் வேண்டும். இதனைப் பொற்காலமாக்க நாம் விழையவில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனையில் ‘கர்ணன் போர்’, பின்னர் ‘இராவணேசன்’ எனக் கூத்தைப் பல்கலைக்கழக அரங்குக்குக் கொணர்ந்தபோது, பழம் பொருளை உறை பிரியாது காக்கும் முறையை அவர் பின்பற்றவில்லை. விடியவிடிய ஆடப்பட்டதைச் சுருக்கினார். ஒளியும் ஒழுங்கும் புகுத்தினார். அதனை ஏற்றோரும் இருந்தனர்; மறுத்தோரும் இருந்தனர். எவ்வாறாயினும், அது கையாண்டு காத்த முறை என்பதில் ஐயமில்லை.

சிறுவர் அக்களரியைத் தம் முற்றத்துக்குக் கொண்டுவந்தனர். தென்னம்பாளை வாளாயிற்று, அட்டை முடியாயிற்று, ரின் மத்தளமாயிற்று. அவ்வாளுக்கு ஆயுள் ஒரு மாலைப்பொழுதே. மறுநாள் வேண்டுமாயின் மறுபடி செய்ய வேண்டும். செய்யும் திறன் கையில் இருந்தமையால், பொருள் அழிந்தாலும் விளையாட்டு அழியவில்லை.

6

இக்கட்டுரையின் மிகக் கடினமான பகுதி இனித்தான் வருகின்றது. வீரன் என்னும் உருவத்தை நாம் இங்கு அமைதியாக ஆராய்வது எளிதன்று. க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட ‘தமிழ் வீரயுகப் பாடல்’ பற்றிய ஆங்கில நூல், பழந்தமிழ் வீரனை அவன் வாழ்ந்த சமூகத்தில் வைத்து நோக்கக் கற்பித்தது. அவ்வீரன் மாள்பவன், மாண்டபின் நடுகல்லாகுபவன். அமெரிக்க அதிமானிடனோ மாள்வதில்லை. மாள்வானாயின் அவனது பொம்மை விற்காது. கர்ணன் வீழ்வதைக் கண்டு களரியைச் சூழ்ந்தோர் அழுவர். ஹீமான் வீழ்வதைக் கண்டு அழுதோர் இலர். சாவறியா வீரத்தைப் பிள்ளைக்கு விற்பது தீங்கற்ற வணிகம் என அமைதி நிலவும் நாடுகளிற் கருதப்படலாம். நம் அனுபவம் வேறு.

இக்கரையிற் சிறுவரே செயலுருவங்களாக்கப்பட்டனர். விடுதலைப்புலிகள் இயக்கம் கிழக்கிற் சிறுவரைப் படைக்குச் சேர்த்தமை ஐ.நா. சிறுவர் நிதியத்தினதும் மனித உரிமை அமைப்புகளினதும் பதிவுகளில் உள்ளது. 2004 மார்ச்சில் இயக்கம் பிளவுற்று ஏப்பிரலில் வெருகலில் மோதல் நிகழ்ந்த பின்னர், பெருந்தொகையான சிறுவர் வீடு திரும்பினர். அவர்களுட் பலரை இயக்கம் மீளவும் தேடிச் சேர்த்தது. பிரிந்து நின்ற தரப்பும் பின்னர் சிறுவரைச் சேர்த்தது. வீரம் என்ற சொல்லை முதியோர் மேடையில் உச்சரித்தனர். அதன் எடையைச் சுமந்தோர் பிள்ளைகள். அப்பிள்ளைகளின் கையிலிருந்த ஆயுதத்துக்கு உறையுமில்லை, பின்னட்டையுமில்லை. துப்பாக்கி கையிற் பொருந்துகிறதா என்று பொம்மை மதிப்புரையில் வாசிக்கும்போது இக்கரையின் வாசகர் ஒரு கணம் தடுமாறாதிருத்தல் இயலாது. அத்தடுமாற்றத்தை உணர்ச்சிவயப்பாடு என்று தள்ளிவிடாது, ஒரு விமரிசன நிலைப்பாடாகவே நாம் கொள்ளல் வேண்டும்.

ஆயின், பொம்மைத் துப்பாக்கியே மெய்த்துப்பாக்கிக்கு வித்திட்டது என்ற எளிய முடிவுக்கும் நாம் வரவில்லை. பொம்மையே கண்டிராத சிறுவரும் படைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். வறுமையும் ஒடுக்குமுறையும் வன்முறையுமே காரணங்கள். நாம் கூறுவது இவ்வளவே: வீரனின் உருவத்தை ஆராய்வோர் அவ்வுருவம் எவரிடம் எதனைக் கோருகின்றது என்பதையும் ஆராய வேண்டும்.

1996இல் மட்டக்களப்பு நகரில் தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா இவ்வகையில் நினைவுகூரத்தக்கது. யுத்தத்தாற் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் சிறுவர் அங்கு ஒருங்கே களிமண் பிசைந்தனர், வர்ணம் தீட்டினர், உருவங்கள் செய்து கதை கட்டினர். ஆயத்தமாக வார்த்த வீரனை அப்பிள்ளைகளின் கையிற் கொடுக்காது, உருவத்தை ஆக்கும் வேலையையே அவர்களிடம் ஒப்படைத்தமை அதன் சிறப்பு. சந்தையிற் பூச்சியமெனக் கணிக்கப்படக்கூடிய அக்களிமண் உருவங்களுக்கு நம் மதிப்புரையில் என்ன இடம் என்பதே வினா.

7

முடிவாகச் சில கூறலாம். சேகரிப்போரின் நுணுக்கத்தை நாம் கடன்கொள்ள வேண்டும். அவர்தம் அளவுகோலைக் கொள்ளல் ஆகாது. வாவியின் இரு கரைகளிலும், தமிழ் ஊர்களிலும் முஸ்லிம் ஊர்களிலும், அறுபது எழுபது வயதினர் இன்னும் உளர். பனங்காய் வண்டிலையும் ரின் காரையும் பாளை வாளையும் செய்த கைகள் அவர்களுடையவை. அவர்களிடம் சென்று பொருளைக் கேட்டால் இல்லை என்பர். செய்து காட்டுமாறு கேட்டால் செய்து காட்டுவர். மூட்டு எது, சில்லு எது, எம்மரம், எப்பருவம், ஆண்பிள்ளை செய்ததா பெண்பிள்ளை செய்ததா, யாருடன் விளையாடியது என மாணவர் எழுதிக்கொள்ளலாம். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின் படுவான்கரைக்குச் செல்லத் தோணிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால், தூரத்தைக் காரணம் கூறவும் நமக்கு இடமில்லை.

அவ்வாறு எழுதப்படும் மதிப்புரையில் உயர்ந்த மதிப்பெண் கைபடாத பொருளுக்குக் கிட்டாது. எத்தனை முறை அழிந்தும் மீண்டும் செய்யப்பட்டதோ அதற்கே கிட்டும். இழந்தவர்களின் குழந்தைப் பருவமும் வரலாற்றில் இடம்பெற அவ்வழியே நாம் அறிந்தது.